தலைச்சன் பிள்ளைக்குப் பழசா? எதைக் கேட்டு வாங்கலாம், எதைப் புதுசாக எடுக்கணும், எதைத் தொடவே கூடாது

"தலைச்சன் பிள்ளைக்குப் போய் யாராவது பழசைப் போடுவாங்களா?" பிரசவத் தேதி நெருங்குகிற வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர் மாமியாராக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம். பிள்ளைக்கு ஒரு குறையும் வைத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் கேட்கிறார்கள். அதனால் இதற்குப் பொறுப்பான பதில் சொல்ல வேண்டும். பதிலின் முதல் பாதி அவர்களிடமே இருக்கிறது. பிறந்த குழந்தையை முதலில் சுற்றி வைப்பது தாத்தாவின் பழைய வேட்டியில்தான். பல வீடுகளில் பதினோராம் நாளோ முப்பதாம் நாளோ தொட்டில் போடும் வரை புதுச்சட்டை கிடையாது. நாலைந்து பிள்ளைகளைப் போட்டு ஆட்டிய தொட்டிலை 'ராசியான தொட்டில்' என்று சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

இன்று நம் முன்னால் மூன்று வழி இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருளைப் புதுசாக வாங்குவது ஒன்று. ஆர்கானிக், பேம்பூ, எகோ என்று அச்சிட்ட, விலை கூடிய பொருளைப் புதுசாக வாங்குவது இன்னொன்று. அக்கா வீட்டுப் பரணில் கிடப்பதையோ, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வருவதையோ வாங்கித் துவைத்துப் பயன்படுத்துவது மூன்றாவது. சுற்றுச்சூழல் நினைப்பு உள்ள பெற்றோர் பெரும்பாலும் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். என் வரிசை வேறு: முதலில் பழசு, உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் சாதாரணப் புதுசு, எகோ அட்டை ஒட்டிய புதுசு கடைசியில். ஏற்கெனவே நெய்து, தைத்து, லாரியில் வந்து, ஒரு குழந்தை ஆறு மாதம் மட்டுமே போட்ட சட்டை கையில் இருக்கும்போது, எவ்வளவு நல்ல பருத்தியில் செய்த புதுச்சட்டையும் கூடுதல் செலவுதான். மண்ணுக்கும் செலவு, பர்ஸுக்கும் செலவு.

ஆனால் எல்லாப் பழசும் ஒன்றல்ல. குழந்தையின் தலை, கழுத்து, மூச்சு, தூக்கம், வாய் இவற்றோடு சம்பந்தப்பட்ட பொருள் என்றால் அதன் பூர்வீகம் தெரிந்தே ஆக வேண்டும். மற்றதில் தாராளமாக இருக்கலாம். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

துணிமணி

இதில் பழசுக்குத்தான் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம். முதல் வருடத்தில் குழந்தை நான்கைந்து சைஸ் மாறிவிடும். பிறந்த குழந்தைக்கான சைஸ் பல பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட வராது. பத்து தடவை துவைத்த பருத்தி, புதுத்துணியைவிட மிருதுவாகவும் இருக்கும். ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பயிரிலிருந்து தையல் வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது உலக இயற்கை நிதியம் சொல்லும் மதிப்பீடு. நம்மூரில் அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் பாசனத்துக்கே உதவாமல் போன வரலாறு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு வாங்கும் ஒவ்வொரு வண்ணச் சட்டைக்கும் பின்னால் ஒரு ஆறு இருக்கிறது.

புதுசாக வாங்கியே தீர வேண்டும் என்றால் சாயம் போடாத அல்லது வெளிர்நிறப் பருத்தி நல்லது. ஆர்கானிக் என்று நம்பி வாங்குவதானால் ஜிஓடிஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பயிரோடு நிற்காமல் சாயம், பதப்படுத்தல் வரை பார்க்கிற சான்று அது. 'மூங்கில் துணி' என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான மூங்கில் துணி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ் ரேயான். கார்பன் டைசல்பைடு போன்ற நச்சு ரசாயனம் அதில் பயன்படுகிறது. ரேயானை மூங்கில் என்றும் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும் சொல்லி விற்றதற்காக 2022இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் இரண்டு பெரிய கடைச் சங்கிலிகள் மீது நடவடிக்கை எடுத்து, இரண்டுமாகச் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

பழைய துணியில் ஓர் ஆபத்து உண்டு, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பரணிலும் பீரோவிலும் வைத்த துணியில் அந்துருண்டை போட்டிருப்பார்கள். அதில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக்குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறைபாடு இருப்பது பரிசோதனை செய்யாமல் தெரியாது. எனவே என் நாத்தனார் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உடைகளை அனுப்பியபோது முதல் வேலையாக ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்த்தோம். அந்துருண்டை வாசம் வந்த கம்பளியும் போர்வையும் பெரியவர்களுக்குப் போய்விட்டன. மற்றதைத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டோம். அடுத்து பட்டன். ஒவ்வொரு பட்டனையும் பிடித்து இழுத்துப் பார்க்கணும், ஆடினால் பிரித்துவிட்டு நாடாவோ பிரஸ் பட்டனோ வைக்கலாம். கழுத்தில் கயிறு கோத்த சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கயிற்றை உருவிவிடுங்கள்.

நாப்பி: இங்கேதான் கணக்கு பெரிசு

தினமும் பயன்படுத்துவது, தினமும் தூக்கிப் போடுவது என்பதால் மொத்த முடிவுகளில் இதற்குத்தான் எடை அதிகம். டயப்பர், வெல்க்ரோவோ பட்டனோ வைத்த நவீனத் துணி நாப்பி, பாட்டி காலத்து முக்கோணத் துணி என்று மூன்று வகை.

ஒரு டயப்பருக்குள் மரக்கூழ் இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி இருக்கிறது, மேலும் கீழும் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பயன்படுத்திய பிறகு இதைப் பிரித்தெடுக்க நம் ஊர்களில் வழி இல்லை. சென்னையில் என்றால் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ போய்ச் சேரும். அதற்கு முன் ஒரு தூய்மைப் பணியாளரின் கை வழியாகப் போகும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியாகப் பத்திரமாகச் சுற்றிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், அதற்கான உறையைக் கொடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்றும் கூறின. எத்தனை பாக்கெட்டில் அந்த உறை வருகிறது என்று நீங்களே பாருங்கள். டயப்பர் பயன்படுத்தும் வீடுகளில்கூட மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புக் குறி போட்டுக் கொடுப்பது குறைந்தபட்ச மரியாதை.

பணக் கணக்கு எளிது. சைஸுக்கும் பிராண்டுக்கும் தக்கபடி ஒரு டயப்பர் சுமார் 8 முதல் 15 ரூபாய். சராசரியாக நாளைக்கு ஐந்து, இரண்டரை வருடம் என்றால் 4,500க்கு மேல். பத்து ரூபாய் வைத்துப் போட்டாலும் 45,000 ரூபாயைத் தாண்டுகிறது. துணி நாப்பி ஒன்று சுமார் 450 ரூபாய் என்று வைத்தால் முழு நேரத்துக்குத் தேவையான இருபது 9,000 ரூபாய். சோப்பு, தண்ணீர், கரன்ட் சேர்த்தாலும் பாதிக்கு வராது. அதையே பழசாக வாங்கினால் இன்னும் கம்மி. பழைய வேட்டியைக் கிழித்த முக்கோணத் துணிக்குச் செலவே இல்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும், முதல் இரண்டு மூன்று மாதத்தில் கூட ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது சரிவரும்.

சுற்றுச்சூழல் கணக்கு அவ்வளவு நேரடியானது இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை வருடத்துக்கு டயப்பரின் கரியமிலச் சுமை சுமார் 550 கிலோ என்றும், சராசரியாகத் துவைக்கும் வீட்டில் துணி நாப்பியின் சுமை 570 கிலோ என்றும் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு 'இரண்டும் ஒன்றுதான்' என்று இன்றும் பேசுகிறார்கள். அதே ஆய்வு மேலும் ஒன்று சொன்னது: மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே நாப்பியைப் பயன்படுத்தினால் சுமை 40 சதவீதம் குறையும். எல்லாவற்றையும் டிரையரில் காயவைத்தால் 43 சதவீதம் கூடும். 2023இல் வந்த புதிய பிரிட்டிஷ் ஆய்வில், சராசரி வீட்டிலேயே துணி நாப்பி சுமார் 25 சதவீதம் குறைந்த சுமை என்று வந்தது. வித்தியாசத்தை உண்டாக்குவது துவைக்கும் விதம், காயவைக்கும் விதம், எத்தனை குழந்தைக்குப் பயன்படுகிறது என்பதுதான். வருடத்தில் பெரும்பகுதி வெயில் அடிக்கும், டிரையர் வழக்கமே இல்லாத நம் ஊரில் துணி நாப்பி முன்னிலையில் நிற்கிறது. இரண்டாவது குழந்தைக்கும் அதே செட் என்றால் போட்டியே இல்லை.

ஒரே ஒரு விஷயம் நம்மைப் பின்னுக்கு இழுக்கும்: தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுக்க லாரிக்குக் காத்துக்கிடந்ததை மறக்க முடியாது. அப்படி ஒரு கோடையில், வாரத்துக்கு ஒரு லாரி வாங்கும் வீட்டில், நாளுக்கு ஒரு மெஷின் துவையல் என்பது நியாயமான கவலை. ஃப்ரன்ட் லோட் மெஷின் ஒரு தடவைக்குச் சுமார் 50, 60 லிட்டர் எடுக்கும், டாப் லோட் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். என் யோசனை: பகலில் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் அந்த வாரங்களில் டயப்பரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். பாதி துணி என்றாலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டயப்பர் குப்பைக்குப் போகாமல் நின்றுவிடும்.

'மக்கும் டயப்பர்' என்று விலை கூட்டி விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாவரத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து கொடுக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். அதையும் அதே கறுப்புக் கவரில் கட்டி அதே லாரியில் ஏற்றினால் மற்ற டயப்பர் போகும் மேட்டுக்குத்தான் போகும். காற்றில்லாத குப்பை அடுக்குக்குள் மக்குகிற பொருள் மீத்தேன்தான் விடும். உங்கள் ஊரில் அதைத் தனியாக வாங்கி உரமாக்கும் ஏற்பாடு இருந்தாலொழிய கூடுதல் காசு வீண்.

பழைய துணி நாப்பி வாங்கும்போது கையில் எடுத்து மூன்று இடம் பாருங்கள். தொடையைச் சுற்றி வரும் எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்க வேண்டும். நீர்புகாத வெளி உறையின் உள்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரிசலோ, துணியிலிருந்து பிரிந்த கொப்புளமோ தெரியக் கூடாது. உள்ளே வைக்கும் பேடை வெந்நீரில் நனைத்தால் அமோனியா நெடி வரக் கூடாது. எலாஸ்டிக் போயிருந்தால் தெருமுனைத் தையற்கடையில் மாற்றித் தருவார்கள். உறை பிரிந்திருந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு பேடுகளை நல்ல வெயிலிலும், வெளி உறையை நிழலிலும் காயப்போடுங்கள். உறையைத் தினம் உச்சி வெயிலில் போட்டால் எலாஸ்டிக்கும் படலமும் சீக்கிரம் போய்விடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், ஈரம் உறிஞ்சாது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் பேடு விறைத்துப்போகும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் நல்லது.

தூக்கம்

தூளியைவிடச் சிக்கனமான, மண்ணுக்குச் சுமையில்லாத குழந்தைப் படுக்கை உலகத்திலேயே இருக்காது. ஒரு பழைய காட்டன் புடவை, உத்தரத்தில் ஒரு கொக்கி. அழுத பிள்ளை அடங்கித் தூங்குவதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் தூளி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பாதுகாப்பான தூக்கம் என்பது மல்லாக்கப் படுக்க வைத்த, தட்டையான, கெட்டியான படுக்கை. தூளியில் உடல் வளையும், தாடை நெஞ்சில் முட்டும், பச்சிளங்குழந்தைக்கு அது மூச்சை அடைக்கலாம். பெரிய பிள்ளைகள் தூளியை முறுக்கி ஆடிக் கழுத்து சிக்கிய சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எனவே பகலில், பெரியவர் கண்முன்னே, தூங்கவைக்க மட்டும் தூளி. தூங்கியதும் கீழே பாயில் மடித்த போர்வைக்கு மாற்றிவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் தூளியைப் பழசாக வாங்காதீர்கள். ஸ்பிரிங் எவ்வளவு களைத்திருக்கிறது என்று வெளியில் தெரியாது.

மரத் தொட்டிலும் கட்டிலும் பழசாக வாங்க நல்ல பொருள்கள்தான், சில நிபந்தனையோடு. கம்பிகளுக்கு இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கும் கட்டில் என்றால் வேண்டாம். கொக்கி கழன்று குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011 ஜூனிலிருந்து அமெரிக்காவில் அந்த வகையை விற்கவே தடை. பெயின்ட் அடித்த பழைய தொட்டில் என்றால் எப்போது அடித்தது என்று கேளுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளை தொட்டில் விளிம்பைக் கடிக்கும். பெயின்ட் உரிகிற தொட்டிலை வீட்டில் வைத்துச் சுரண்டாதீர்கள், தூசியே விஷம்.

மெத்தை மட்டும் புதுசு. வேறு வீட்டுப் பழைய மெத்தையில் தூங்கிய குழந்தைகளிடம் திடீர் மரணம் கூடுதலாக இருந்ததை ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று 2002இல் காட்டியது. காரணம் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை என்றாலும், இந்த இடத்தில் நான் சிக்கனம் பார்க்க மாட்டேன். புதுசு என்பதற்காக இலவம்பஞ்சு மெத்தை வாங்கிவிடாதீர்கள், இயற்கையானதுதான், ஆனால் முகம் புதையும் அளவுக்கு மிருது. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் முதல் வருடத்துக்கு வேண்டாம். பாட்டிகளிடம் இதைச் சொல்வது கஷ்டம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாய்வாகத் தூங்கவைக்கும் ரெடிமேட் படுக்கைகள் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வழியாக நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. 2019இல் அப்படிப்பட்ட ஒரே ஒரு மாடலை அமெரிக்காவில் சுமார் 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள், குழந்தை மரணங்களால். 2022இல் அந்த வகையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பழசாகக் கைமாறும்போது இந்தச் செய்தி கூடவே வராது. எந்த வெளிநாட்டுப் பொருளையும் வாங்குமுன் மாடல் பெயரோடு 'ரீகால்' என்று சேர்த்து ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

வண்டியில்

கார் சீட்டுக்குப் புதுசுதான் என் பதில். ஒரு விபத்தில் சிக்கிய சீட்டின் பிளாஸ்டிக்கிலும் நுரையிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அடுத்த விபத்தில் அது தாங்காது. விற்பவர் மறைத்தால் நமக்குக் கண்டுபிடிக்க வழி இல்லை. தயாரிப்பாளர்கள் சீட்டிலேயே ஆயுளையும் குறித்திருப்பார்கள், பொதுவாக 6 முதல் 10 வருடம். வெயிலில் நிற்கும் காருக்குள் நம் ஊர்ச் சூட்டில் பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் களைக்கும். சொந்த அண்ணன் வீட்டு சீட், விபத்தே இல்லை, தேதி முடியவில்லை, கையேடும் பெல்ட்டும் முழுசாக இருக்கின்றன என்றால் மட்டும் பழசை எடுக்கலாம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் வழக்கத்தை அபராதத்துக்குப் பயந்தாவது விட்டுவிடுங்கள்.

நம்மில் பலருக்குக் கார் இல்லை, ஸ்கூட்டர்தான். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பட்டையைத் தையல் பார்த்துப் பழசாக வாங்கலாம். ஹெல்மெட் புதுசு, கார் சீட்டுக்குச் சொன்ன அதே காரணம்.

ஸ்ட்ரோலர் அதற்கு நேர் எதிர். நடைபாதை உருப்படியாக இல்லாத தெருக்களில் அது வீட்டு மூலையில்தான் நிற்கும், அதனால் பழசாக விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை புதுசு போலவே இருக்கும். பாதி விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். சரிவில் நிறுத்தி பிரேக் போட்டு அசைகிறதா என்று பாருங்கள், மடிக்கும் பூட்டு தானாகக் கழன்றுகொள்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், போதும். ஊருக்குப் போகும் இரண்டு வாரத்துக்கு மட்டும் தேவை என்றால் வாடகைக்கே கிடைக்கிறது.

பால்

தாய்ப்பால் கொடுக்க முடிந்த வீட்டுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. ஆறு மாதம் வரை வேறெதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டி விளம்பரத்தையே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடைசெய்த நாடு நம்முடையது. வெளியிலிருந்து கொடுக்க வேண்டி வந்தால் முதல் தேர்வு நம் பாலாடை. எவர்சில்வரோ வெள்ளியோ, பாட்டி வீட்டிலிருந்து வந்ததைக் கொதிக்க வைத்தால் போதும், இடுக்கு இல்லாததால் சுத்தம் செய்வது சுலபம்.

புட்டிதான் என்றால் கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள், அவற்றைப் பழசாக வாங்கவும் தயங்க வேண்டாம், ரப்பர் நிப்பிள் மட்டும் புதுசு. பிளாஸ்டிக் புட்டி பழசு வேண்டவே வேண்டாம். பழைய பாலிகார்பனேட் புட்டியில் இருந்த பிபிஏ என்ற ரசாயனம் காரணமாகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் குழந்தைப் புட்டியில் அதைத் தடுத்தன. இப்போது வரும் பாலிபுரோப்பிலீன் புட்டியும் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்களை விடுகிறது என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். பிளாஸ்டிக்கே வைத்திருப்பவர்கள், பால்பவுடரை எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீரில் கலந்து, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்குப் பம்ப் தேவைப்படும். வீட்டு உபயோகப் பம்ப் ஒருவருக்கு மட்டும் என்று செய்தது, மோட்டார்வரை பால் ஈரம் போயிருக்கலாம். அக்காவுடையதாக இருந்தாலும் வாங்காதீர்கள். பலர் பயன்படுத்தத்தக்க மருத்துவமனைப் பம்பை வாடகைக்கு எடுத்து, குழாய், குப்பி மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

விளையாட்டுச் சாமான்

சக்கரம் வைத்த வாக்கரை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடா 2004இல் அதன் விற்பனையை மட்டுமல்ல, பழசாக விற்பதையும் தடைசெய்தது. நடை சீக்கிரம் வருவதும் இல்லை. நம்மிடம் இருக்கும் மூன்று சக்கர மர நடைவண்டி எவ்வளவோ மேல்: பிள்ளை தானாக எழுந்து நின்றால்தான் தள்ள முடியும். பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள், ஆணி துருத்தியிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள்.

பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு முந்தைய, பளபள வண்ணம் அடித்த மலிவு பொம்மைகளைப் பழசாக வாங்க வேண்டாம். பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம் உள்ள எதுவும் வேண்டாம். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கும் இயற்கைச் சாயமும் பூசும் கர்நாடகத்துச் சென்னபட்டணக் கிலுகிலுப்பை, அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு இவற்றைப் புதுசாக வாங்குவதில் எனக்கு முழுச் சம்மதம். காசு கைவினைஞருக்குப் போகிறது, பொருள் மூன்று தலைமுறைக்கு வரும். எகோ என்ற பெயருக்கு உண்மையில் தகுதியுள்ள புதுப்பொருள் இந்தப் பட்டியலில் இவைதான்.

கைமாறும்போது

பழசு வாங்குவதில் பாதி வேலை கேள்வி கேட்பது: எப்போது வாங்கியது, எத்தனை பிள்ளை பயன்படுத்தியது, எங்கே வைத்திருந்தீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் துணி வாங்கலாம், கட்டில் வாங்காதீர்கள். அதனாலேயே முகம் தெரியாதவர் இணையத்தில் போடும் விளம்பரத்தைவிட சொந்தபந்தமும் அபார்ட்மென்ட் குழுவும் எனக்கு மேலாகப் படுகிறது.

நீங்கள் கொடுக்கும்போதும் அதே ஒழுங்கு வேண்டும். ஸ்ட்ரோலரோ கட்டிலோ, வாங்கிய மாதமும் வருடமும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டை அடியில் ஒட்டி, கையேட்டையும் உதிரித் திருகுகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். துணியைத் துவைத்து சைஸ்வாரியாகக் கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவர் அன்றைக்கே பயன்படுத்துவார், அந்துருண்டை மட்டும் போடாதீர்கள், காய்ந்த வேப்பிலை போதும். தேதி முடிந்த அல்லது விபத்தில் அடிபட்ட கார் சீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அப்படியே குப்பையிலும் வைக்க வேண்டாம். பெல்ட்டுகளைக் கத்தரித்து, மேலே 'பயன்படுத்தாதீர்கள்' என்று மார்க்கரில் பெரிசாக எழுதிவிட்டுப் போடுங்கள். நல்லதாகத் தெரிகிறதே என்று யாரோ ஒருவர் எடுத்துப்போய்த் தன் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடும்.